மணலில் வரைந்த வண்டி மலையேறிய வரலாறு

ஊருக்குச் சாலை வந்த பின்னரே வண்டி வரும் என்பது சமவெளியில் வாழும் நம்மவர் எண்ணம். மலைநாட்டின் வரலாறு பல இடங்களில் இதற்கு மாறாக நடந்திருக்கிறது. மட்டக்குதிரையும் சுமைகாரரும் நடந்து சென்ற தடத்திலேயே அங்கு வண்டி ஏறியது; நல்ல சாலை பல்லாண்டுகள் கழித்தே வந்தது. இடைப்பட்ட அந்த நெடுங்காலத்தில் மலைமக்களையும் வெளியுலகையும் இணைத்தவை, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டிகளே. அவற்றின் கதை பொறியியல் வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. ஒரு கருவிக்கும் அதைக் கையாளும் மனிதனுக்கும் இடையே எத்தகைய உறவு இருக்க வேண்டும் என்ற கேள்வியை அது நம்முன் வைக்கிறது.

மேற்கு வங்கத்தின் வடகோடியில், டார்ஜிலிங் நகரிலிருந்து ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சாங் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து சிங்கலீலா மலைமுகட்டின் வழியே 31 கிலோமீட்டர் சென்றால் சந்தக்பூ. 3,636 மீட்டர் உயரமுள்ள இச்சிகரமே அம்மாநிலத்தின் மிக உயர்ந்த இடம். வானம் தெளிந்த நாளில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகிய நான்கையும் இங்கிருந்து காணலாம். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் நான்கு இவை. இச்சிகரத்திற்கு ஏறும் கற்பாதையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்களையும் மளிகையையும் சுமந்து சென்றவை, 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லேண்ட் ரோவர் வண்டிகள். பிறந்த நாட்டில் அவற்றின் உடன்பிறப்புகள் அருங்காட்சியகங்களிலும் செல்வர்களின் கொட்டகைகளிலும் மெருகேறி நிற்க, இங்கு வந்தவை நாள்தோறும் உழைத்தன. இது எவ்வாறு கூடிற்று?

போர் பெற்ற பிள்ளை

இதற்கு விடை காண நாம் 1940ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். ஐரோப்பா போர்த்தீயில் வெந்துகொண்டிருந்த வேளை அது. தானும் போரில் இறங்க நேரிடும் என்று உணர்ந்த அமெரிக்கா, மேடுபள்ளங்களைக் கடந்து வீரர்களையும் செய்திகளையும் கொண்டுசெல்லும் எடை குறைந்த வண்டியொன்றைத் தேடியது. அவ்வாண்டு ஜூலையில் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. முதல் வண்டியை 49 நாள்களில் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனை. பெருநிறுவனங்கள் தயங்கி நின்றன. நொடிந்துபோகும் நிலையில் இருந்த பாண்டம் என்னும் சிறு நிறுவனமே துணிந்து முன்வந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் ஓரிரு நாள்களில் வரைபடங்களை முடித்துக் கொடுத்தார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடியும் தறுவாயில், வண்டி இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். பாண்டம் நிறுவனத்தால் பெருந்தொகையில் வண்டிகளைச் செய்ய இயலாது என்று கருதிய இராணுவம், அதன் அமைப்பை மற்ற நிறுவனங்களுக்கும் காட்டியது. ஏறத்தாழ 60 குதிரைத்திறன் கொண்ட வலிய இயந்திரத்தை வைத்திருந்த வில்லிஸ் நிறுவனமும் அதனுடன் ஃபோர்டு நிறுவனமும் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைச் செய்து குவித்தன. உலகம் அவற்றை ‘ஜீப்’ என்று அழைத்தது. 1945இல் போர் ஓய்ந்ததும் அவற்றுள் பல நாடுதோறும் மலிவாக விற்கப்பட்டன. குண்டு சுமந்த வண்டிகள் உழவரின் கைகளுக்கு வந்து உரமும் விறகும் சுமக்கத் தொடங்கின.

பற்றாக்குறையின் கொடை

அவ்வாறு விற்கப்பட்ட ஜீப் ஒன்று, வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் பண்ணையில் உழைத்தது. அவர் இங்கிலாந்தின் ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். ஜீப் பயனுள்ளதாகத்தான் இருந்தது. ஆனால் அது தேய்ந்து போனால் மாற்றாக வாங்குவதற்கு இங்கிலாந்தில் அத்தகைய வண்டியே இல்லை. 1947ஆம் ஆண்டு அத்தீவின் கடற்கரை மணலில் தம் மனத்திலிருந்த புதிய வண்டியின் உருவை அவர் தம் அண்ணன் ஸ்பென்சருக்கு வரைந்து காட்டினார் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. ஸ்பென்சரே நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். முதல் சோதனை வண்டி ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே உருவாயிற்று.

அன்றைய இங்கிலாந்து வறுமையில் இருந்தது. எஃகு பங்கீட்டில் கிடைத்தது. ஏற்றுமதி செய்பவர்க்கே அதில் முன்னுரிமை. ஆகவே வண்டியின் உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தனர். விலையுயர்ந்த அச்சுகள் செய்யப் பணமில்லாததால் தகடுகளை எளிய வளைவுகளோடு தட்டையாகவே வைத்தனர். அடிச்சட்டத்தையும் எஃகுத் துண்டுகளை ஒட்டவைத்துப் பெட்டிபோல் அமைத்தனர். இராணுவத்தின் மிச்சமாகக் கிடைத்த பச்சை வண்ணமே முதல் வண்டிகளுக்குப் பூசப்பட்டது. கதவின் மேற்பகுதியும் கூரையும் கூட விலைகொடுத்துச் சேர்க்கும் பொருள்களாக இருந்தன. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியிடப்பட்டது. 1.6 லிட்டர் இயந்திரம். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலம். ரம்பத்தையும் கதிரடிக்கும் பொறியையும் இவ்வண்டியின் விசையாலேயே இயக்கிக்கொள்ளவும் வழி செய்திருந்தனர்.

கார் வணிகம் சீராகும்வரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சமாளித்தால் போதும் என்ற கருத்தோடுதான் ரோவர் நிறுவனம் இதைத் தொடங்கியது. தற்காலிகமாகக் கொள்ளப்பட்ட அதுவே நிலைபெற்றது. அதன் வழித்தோன்றலான டிஃபெண்டரின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்றுதான் சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அதற்குள் அக்குடும்பத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பிறந்துவிட்டன.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். துருப்பிடிக்காத உடல், தட்டி நிமிர்த்தத்தக்க தட்டைத் தகடு, கழற்றிப் பூட்டத்தக்க உறுப்புகள் ஆகிய இவ்வண்டியின் சிறப்புகளுள் பல, வசதியின்மையால் வந்து சேர்ந்தவை. செல்வச் செழிப்பில் உருவாகியிருந்தால் இது வேறு வண்டியாக இருந்திருக்கும். ஒருவேளை இத்துணை காலம் வாழ்ந்திருக்கவும் மாட்டாது.

மலைக்கு வந்தவை

டார்ஜிலிங் மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலேயர் தேயிலை பயிரிட்டனர். 1881இல் டார்ஜிலிங்வரை சிறு இரயிலும் வந்துவிட்டது. ஆனால் இரயில் நின்ற இடத்திற்கு அப்பால் மலை நிற்கவில்லை. தோட்டத்திற்குத் தோட்டம் செல்லவும், செங்குத்தான சரிவுகளைக் கண்காணிக்கவும் தோட்டத் துரைமார்களுக்கு உறுதியான வண்டி வேண்டியிருந்தது. 1950களில் லேண்ட் ரோவர்கள் கடல் கடந்து வந்து சேர்ந்தன.

பின்னர்த் துரைமார்கள் ஒவ்வொருவராகத் தாயகம் திரும்பினர். வண்டிகளைத் திரும்ப எடுத்துச் செல்வதில் பொருளில்லை. அவை உள்ளூர் மக்களுக்குக் கைமாறின. நேபாளி மொழி பேசும் அம்மலைமக்களுள் சிலர் கிடைத்த சேமிப்பையெல்லாம் திரட்டி ஆளுக்கொன்றாக வாங்கினர். ஏவலராக இருந்து ஓட்டிய வண்டிக்கு உடைமையாளராகவே மாறியவர்களும் உண்டு. மானேபஞ்சாங்கில் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பது வண்டிகள் திரண்டன. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, பள்ளிப் பிள்ளைகள், பிணியாளர் என மேலே செல்லவேண்டிய யாவும் கீழே வரவேண்டிய யாவும் அவற்றிலேயே சென்றன. பின்னாளில் சுற்றுலாப் பயணிகள் வந்தபோது அதுவே பிழைப்பாகவும் ஆயிற்று. ஒரு வண்டி ஒரு குடும்பத்தின் அடுப்பை எரித்தது; தந்தையிடமிருந்து மகனுக்கு நிலத்தைப் போலவே அது வழிவழி வந்தது.

ஏறும் கலை

அப்பாதை எத்தகையது? மானேபஞ்சாங்கின் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஊர் எல்லையைத் தாண்டியவுடனேயே சித்ரேயை நோக்கிக் கொண்டையூசி வளைவுகளாக ஏற்றம் தொடங்குகிறது. மேக்மா, தும்லிங் என்று ஏறி, கைரிபாஸ் என்னும் தாழ்விடத்திற்கு இறங்கி, மீண்டும் காளிப்போக்ரி என்ற கருநிறச் சுனையை நோக்கி ஏறுகிறது. வழியில் இந்தியாவும் நேபாளமும் மாறிமாறி வருகின்றன. தும்லிங் நேபாள மண்ணில் உள்ளது. காடு 1992 முதல் தேசியப் பூங்கா. செம்பாண்டா வாழும் இடம். ஏப்ரலில் ரோடோடெண்ட்ரான் மலர்கள் சரிவெங்கும் செந்நிறம் பரப்பும். இறுதி நான்கு கிலோமீட்டர் ஏற்றமே எல்லாவற்றினும் கடியது. பாதை நெடுகப் பெயர்ந்த கற்கள் கிடந்த காலத்தில் 31 கிலோமீட்டரைக் கடக்க வண்டிக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடித்தது.

இத்தகைய சரிவில் வண்டி ஏறும் முறையைச் சற்று விளக்குவோம். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்சக்கரங்களை நோக்கிச் சாய்கிறது. கல்லோ சேறோ குறுக்கிட்டால் அவை வழுக்கிச் சுழலும். அப்போது முன்சக்கரங்களும் இழுத்தால் நான்கில் ஏதேனும் சில பிடிமானம் பெற்று வண்டியை நகர்த்தும். பழைய லேண்ட் ரோவரில் முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள் உண்டு. அவற்றோடு வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் மற்றொரு பற்சக்கர அமைப்பையும் இணைத்துக்கொள்ளலாம். அதை இணைத்துவிட்டால் வண்டி நடப்பவனின் வேகத்தில் ஊர்ந்து செல்லும், ஆனால் நிற்காது.

இறங்குவது ஏறுவதினும் கடினம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எனவே எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநரின் மூத்தவிதி. இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கால் கிளட்சை நாடக்கூடாது. உயரம் செல்லச் செல்ல வேறொரு தொல்லையும் உண்டு. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. மூச்சு வாங்குவது மனிதருக்கு மட்டுமன்று. பழைய இயந்திரமும் தன் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அங்கே இழக்கிறது. தண்ணீரும் ஏறத்தாழ 88 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். இவற்றையெல்லாம் நூலில் படித்தறியாத ஓட்டுநர் காதால் அறிகிறார். இயந்திரத்தின் ஒலி மாறியவுடன் கை கியரை நாடுகிறது. எந்தக் கல் நிலையானது, எது உருளும் என்பது சக்கரத்தின் வழியே அவருக்குத் தெரிகிறது. வேகம் அங்கே திறமையன்று, பொறுமையே திறமை.

திறந்து காட்டும் பொருள்

ஆனால் ஓட்டும் திறமை மட்டும் ஒரு வண்டியை அரை நூற்றாண்டு வாழவைக்காது. செப்பனிடும் திறமையே வாழவைத்தது. முதல் வரிசை லேண்ட் ரோவர் 1958இல் நின்றுபோனது. அதன் உறுப்புகள் மானேபஞ்சாங்கின் கடைகளில் கிடைக்கப் போவதில்லை. ஆகவே அவ்வூரார் தாங்களே பட்டறைக்காரர் ஆயினர். உடைந்த இரும்புப் பட்டையை அடித்து நிமிர்த்தினர். தேய்ந்த உறுப்பைக் கடைந்து பொருத்தினர். ஓட முடியாத வண்டியொன்றின் உறுப்புகள் ஓடும் வண்டிகளுக்கு உயிர் கொடுத்தன. சிலவற்றில் பழைய பெட்ரோல் இயந்திரத்தையே எடுத்துவிட்டு நம் நாட்டு டீசல் இயந்திரத்தைப் பொருத்தினர். தூய்மைவாதியான சேகரிப்பாளர் முகம் சுளிக்கலாம். மலைமகனுக்கோ வண்டி வழிபடும் பொருளன்று, உழைக்கும் துணை. துணைக்கு நோய் வந்தால் மருந்து எங்கிருந்து கிடைத்தாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

இது நடந்தது எதனால்? அவ்வண்டி தன்னைத் திறந்து காட்டியது. மூடியைத் தூக்கினால் எது எங்கே இருக்கிறது, எது எதை இயக்குகிறது என்று கண்ணால் காணலாம். சில திருப்பிகளும் சுத்தியலும் அறிவும் இருந்தால் போதும். எனவே அதை வாங்கியவர் அதற்கு முழு உடைமையாளர் ஆனார். இன்று நாம் வாங்கும் பல பொருள்கள் அவ்வாறில்லை. பழுது என்னவென்று அறியவே கணினி வேண்டும். கணினியோ விற்றவரிடம் இருக்கிறது. பணம் நம்முடையது, பொருளும் நம் வீட்டில்தான் நிற்கிறது. ஆயினும் அதன்மீது நமக்குள்ள அதிகாரம் எவ்வளவு? மானேபஞ்சாங்கின் பட்டறைகள் சொல்லாமல் கேட்கும் கேள்வி இது.

மேற்குமலையின் உறவு

இவ்வரலாற்றின் மற்றொரு கிளை நமக்கு மிக அண்மையில் இருக்கிறது. 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைப் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கியது. பின்னர் இங்கேயே முழுமையாகச் செய்தது. அவ்வழிவந்த ஜீப்புகளே போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் நிறைந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் நம் பெண்களைச் சுமந்து மலையேறின. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கரடுமுரடான பாதையும் ஜீப்பினால் ஏறத்தக்கதே. இருக்கைக்கு மிஞ்சிய ஆள்களை ஏற்றிச் செல்லும் அப்பயணத்தில் உயிர்கள் பறிபோனதும் உண்டு. பழைய வண்டியின் புகழைப் பாடும்போது, அதில் ஏறியவர் வேடிக்கைக்காக ஏறவில்லை, அன்றைய கூலிக்காக ஏறினர் என்பதை மறத்தல் ஆகாது.

சாலை நல்லதானபோது

மானேபஞ்சாங்கின் கதை அண்மை ஆண்டுகளில் ஒரு திருப்பத்தை அடைந்தது. கற்பாதையின் பல பகுதிகளில் சிமெண்டுத் தளம் இடப்பட்டது. தளம் வந்ததும் பொலேரோ போன்ற புதிய வண்டிகள் சந்தக்பூவரை ஏறலாயின. அவற்றில் இருக்கை மெத்தென்றிருக்கும், குளிர்க்காற்று உள்ளே புகாது, நேரமும் குறையும். பயணி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வரலாற்றின் விந்தையொன்று உண்டு. ஜீப்பைப் பார்த்து லேண்ட் ரோவர் பிறந்தது. அதே ஜீப்பைச் செய்து வளர்ந்த நிறுவனத்தின் படைப்பே பொலேரோ. ஆக, லேண்ட் ரோவருக்குப் போட்டியாக வந்து நிற்பது அதன் பங்காளி வீட்டுப் பிள்ளைதான். மற்றொரு விந்தை, வண்டியின் உறுப்பிலேயே உள்ளது. நான்கு சக்கரங்களையும் இணைத்து ஓட்டும்போது முன்னச்சும் பின்னச்சும் ஒரே அளவில் சுழலும். ஆனால் வளைவில் திரும்புகையில் இரண்டும் கடக்கும் தொலைவு வேறு. கற்பாதையில் சக்கரம் சற்றே சறுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். சிமெண்டுத் தளமோ சறுக்க விடாது. உறுப்புகளில் இறுக்கம் ஏறி அவை தேயும். எனவே நல்ல தளத்தில் அவ்விணைப்பைக் கழற்றிவிட்டே ஓட்ட வேண்டும். கடுமையான பாதையில் அருமருந்தாக இருந்த ஆற்றல், எளிய பாதையில் சுமையாகிவிடுகிறது. மனிதரின் சில பண்புகளும் இவ்வாறே அல்லவா?

லேண்ட் ரோவர் நிறுவனமும் கைமாறி 2008இல் நம் நாட்டு டாட்டா குழுமத்தின் உடைமையாயிற்று. 2018இல், அவ்வண்டியின் 70ஆம் ஆண்டையொட்டி, மானேபஞ்சாங்கின் வண்டிகளைப் பற்றி அந்நிறுவனம் ஒரு படமும் எடுத்து வெளியிட்டது. உலகம் வியந்து பார்த்தது. வியப்பு நல்லதே, ஆனால் வியப்பு அடுப்பை எரிக்காது. ஓட்டத்தினால் வாழ்ந்த வண்டிக்கு, ஓட்டம் குறையும்போது பட்டறையும் மெல்ல மெல்லத் தூங்கிவிடும். வண்டியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கலாம். இயந்திரத்தின் ஒலி கேட்டு நோய் அறியும் காதை எந்தக் கண்ணாடிக்குள் வைப்பது?

இதனால் சாலையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது சமவெளியில் நல்ல சாலையில் நடப்பவரின் இரக்கமற்ற பேச்சாகும். பேறுகால வலியில் துடிக்கும் தாயைக் கீழே கொண்டுவர மூன்று மணி நேரம் குலுங்கிய காலம் மீண்டும் வரவேண்டுமென எந்த மலைமகனும் விரும்பமாட்டான். சாலை அவர்களது உரிமை. அதே வேளை, சாலை இல்லாத காலத்தில் அவர்கள் தம் கையால் வளர்த்த திறமையும் அவர்களது உடைமையே. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிப்பது முன்னேற்றத்தின் கட்டாய விதியன்று. செப்பனிடும் கலையைத் தொழிற்கல்வியாகப் போற்றலாம். பழைய வண்டிகளுக்கென்று ஓட்டம் ஒதுக்கலாம். தன்னைத் திறந்து காட்டும் பொருள்களையே செய்யுமாறு உற்பத்தியாளரைக் கேட்கலாம். இவையெல்லாம் மனம் வைத்தால் முடிந்தவைதாம்.

மணலில் வரைந்த கோடுகளை அலை அன்றே அழித்திருக்கும். மூன்றாண்டு சமாளித்தால் போதுமென்று செய்த வண்டியோ, எழுபது ஆண்டுகளைக் கடந்தும் இமயத்தின் மடியில் மூச்சுவாங்க ஏறிற்று. அதை அங்கே ஏற்றியது இயந்திரத்தின் 50 குதிரைத்திறன் மட்டுமன்று. பழுதானதை எறியாமல் எடுத்து வைத்து, இரவில் விளக்கொளியில் பிரித்து, விடியுமுன் பூட்டி, மறுநாள் மீண்டும் சுமை ஏற்றிய கைகளே அதை ஏற்றின. நம் வீட்டில் பழுதாகி மூலையில் கிடக்கும் பொருள் ஒன்றைத் தூக்கி எறியுமுன், அதைத் திறந்து பார்க்கும் அறிவு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.